சந்தை நாளைத் தாண்டி: ஒன்பதாம் வகுப்புக்கு நுகர்வோர் அறிவையும் பொருள் உருவாக்கத்தையும் சேர்த்துக் கற்பிப்பது எப்படி?

கேள்வி: கரும்பலகை (சமூக அறிவியல் ஆசிரியை, அரசு உயர்நிலைப் பள்ளி)

அனைவருக்கும் வணக்கம். தென்மாவட்டம் ஒன்றில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்குச் சமூக அறிவியல் நடத்துகிறேன். எங்கள் பள்ளியின் குடிமக்கள் நுகர்வோர் மன்றத்துக்கும் நானே பொறுப்பாசிரியை. ஒன்பதாம் வகுப்பில் 42 பேர் படிக்கிறார்கள். மன்றத்துக்கென்று வாரம் ஒரு பாடவேளை, அதாவது 40 நிமிடம், தலைமை ஆசிரியர் ஒதுக்கித் தந்திருக்கிறார்.

சென்ற ஆண்டு பள்ளியில் "சந்தை நாள்" நடத்தினோம். பிள்ளைகள் வீட்டிலிருந்து முறுக்கு, அதிரசம், தேங்காய் பர்பி, காகிதப் பூ என்று கொண்டுவந்து விற்றார்கள். வந்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள், எனக்கும் அன்று மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு நிகழ்வுகள் இன்றுவரை மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கின்றன.

ஒரு மாணவி ரோஸ் நிறத் தேங்காய் பர்பியைச் சிறு டப்பாக்களில் அடைத்து, அவற்றின்மேல் அழகான கையெழுத்தில் "100 சதவீதம் இயற்கையானது, ரசாயனம் அற்றது" என்று எழுதி ஒட்டியிருந்தாள். நிறம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். கடையில் வாங்கிய கலர் பொடி என்றாள். பிறகு ஏன் இப்படி எழுதினாய் என்று கேட்டதற்கு, "எல்லாப் பாக்கெட்டிலும் அப்படித்தானே மிஸ் போட்டிருக்காங்க" என்றாள். பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே அவளுக்கு இல்லை. லேபிள் என்றால் அதில் அப்படித்தான் எழுத வேண்டும் என்று அவள் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

இன்னொரு மாணவன் முறுக்கு விற்று 340 ரூபாய் சேர்த்து, அத்தனையும் லாபம் என்று எழுதிக் கொடுத்தான். மாவும் எண்ணெயும் அம்மா வாங்கியவை, கேஸ் வீட்டுடையது, பிழிந்ததும் அம்மாதான். அந்தச் செலவு எதுவும் அவன் கணக்கில் வரவில்லை.

இதே இரண்டு பேரும் நுகர்வோர் உரிமைகள் பற்றிய தேர்வில் முழு மதிப்பெண் பெற்றவர்கள். ஆறு உரிமைகளையும் வரிசை மாறாமல் சொல்வார்கள், மார்ச் 15 உலக நுகர்வோர் உரிமை நாள் என்பதையும் டிசம்பர் 24 தேசிய நுகர்வோர் நாள் என்பதையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். ஆக, வாங்குபவரின் உரிமையைப் பாடமாகவும் பொருள் செய்து விற்பதை விழாவாகவும் தனித்தனியே நடத்தியதில் இரண்டுமே பிள்ளைகளின் கைக்குப் போய்ச் சேரவில்லை என்று நினைக்கிறேன். இந்த ஆண்டு இவற்றை ஒரே பாடமாக இணைத்து, ஏறக்குறைய 25 வாரங்களில் நடத்த விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது, எந்தப் பொருளைச் செய்யச் சொல்வது, உணவுப் பொருள் சரியாக வருமா என்று அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டும். பிள்ளைகளிடம் பணம் கேட்கும் நிலையில் நாங்கள் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில் 1: தராசு (ஓய்வு பெற்ற வணிகவியல் ஆசிரியர்)

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். பன்னிரண்டாம் வகுப்பு வணிகவியலில் நுகர்வோர் பாதுகாப்பைப் பல ஆண்டுகள் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதல் பருவம் முழுவதும் எதையும் செய்யச் சொல்லாதீர்கள். வாங்கியதை அளக்கச் சொல்லுங்கள். தன் கையால் அளந்து பார்த்து ஏமாற்றத்தை உணர்ந்த பிள்ளை, பிறகு தான் ஒரு பொருள் செய்யும்போது அளவில் கை வைக்கத் தயங்கும்.

முதல் வாரத்துக்குச் செலவே இல்லாத பொருள் ஒன்று ஒவ்வொரு பையிலும் இருக்கிறது, நோட்டுப் புத்தகம். அட்டையில் அச்சிட்ட பக்க எண்ணிக்கையைக் கரும்பலகையில் எழுதவைத்துவிட்டு, உள்ளே உள்ள தாள்களை எண்ணி இரண்டால் பெருக்கச் சொல்லுங்கள். நான் இதைச் செய்த வகுப்பில் சில நோட்டுகளில் எண்ணிக்கை சரியாக வந்தது. வேறு சிலவற்றில் பெயர் எழுதும் பக்கம், பொருளடக்கப் பக்கம், அச்சிட்ட விவரங்கள் எல்லாம் சேர்ந்தால்தான் கணக்கு முழுமையடைந்தது. அவற்றின் அட்டையில், பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கும் அளவுக்குச் சிறிய எழுத்தில் அந்தக் குறிப்பும் இருந்தது. "அப்படியானால் அவர்கள் சொன்னது பொய்யா, உண்மையா?" என்று ஒரு பையன் கேட்டான். பாடவேளை முழுவதும் அந்தக் கேள்வியின்மேல் விவாதம் நடந்தது. மணி அடித்த பிறகும் நிற்கவில்லை.

அடுத்து எடை. பிஸ்கட் பாக்கெட், உப்பு, கடுகு என்று கிடைத்ததைக் கொண்டுவந்து, ஆய்வகத் தராசில் உறையோடு ஒருமுறையும், வீட்டில் பயன்படுத்தி முடித்தபின் வெறும் உறையை ஒருமுறையும் நிறுத்து, கழித்துப் பார்க்கட்டும். பொட்டலப் பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டு விதிகளில் ஒவ்வோர் அளவுக்கும் அனுமதிக்கப்பட்ட வேறுபாடு உண்டு. 100 கிராம் பொட்டலம் ஒன்றில் 4.5 கிராம் வரை குறையலாம், ஆனால் பல பொட்டலங்களின் சராசரி அறிவித்த எடைக்குக் கீழே போகக்கூடாது. ஒரு பாக்கெட் 97 கிராம் இருந்தவுடன் "ஏமாற்று" என்று கத்தும் பிள்ளைக்குச் சராசரி என்றால் என்ன, ஏன் பத்து பாக்கெட்டாவது நிறுக்க வேண்டும் என்பது அப்போதுதான் புரியும். வணிகர் எல்லாரும் திருடர் என்று கற்பிப்பது நம் வேலை ஆகாது. சரியாக அளந்துவிட்டுப் பேசப் பழக்குவதே நம் வேலை.

விலை ஒப்பீட்டுக்கு வாருங்கள். ஒரே பொருள் 44 கிராம் 10 ரூபாய்க்கும் 200 கிராம் 40 ரூபாய்க்கும் விற்றால் கிராமுக்கு முறையே ஏறத்தாழ 23 காசும் 20 காசும் ஆகிறது. பெரிய பொட்டலம் எப்போதும் மலிவு என்ற முடிவுக்குப் பிள்ளைகள் வந்த மறுவாரம், ஷாம்பூ சாஷேயையும் அதே ஷாம்பூவின் பாட்டிலையும் கொடுத்து மில்லி லிட்டர் கணக்குப் போடச் சொல்லுங்கள். பல நேரம் சாஷேதான் மலிவாக வரும். முன்பு பிஸ்கட், தேயிலை, சமையல் எண்ணெய் போன்ற சில பொருள்களை விதியில் குறித்த எடைகளில் மட்டுமே அடைக்க வேண்டியிருந்தது. 2021-இல் செய்த திருத்தம் அந்தப் பட்டியலை நீக்கிவிட்டு, ஓர் அலகின் விற்பனை விலையை அச்சிட வேண்டும் என்று ஆக்கியது. விலை மாறாமல் எடை மட்டும் குறைந்துகொண்டே வரும் இக்காலத்தில், பொட்டலத்தின் ஓரத்தில் இருக்கும் அந்தச் சிறு எண்ணைப் பார்க்கும் பழக்கம் ஒன்று வந்தாலே உங்கள் ஆண்டு வீண்போகாது.

இறுதியாகப் புகார். எங்கள் ஊர்ப் பேருந்து நிலையக் கடை ஒன்றில் 20 ரூபாய் தண்ணீர் பாட்டிலுக்கு "கூலிங் சார்ஜ்" என்று 5 ரூபாய் கூடுதலாகக் கேட்டார்கள். என் மாணவர்கள் சண்டை போடாமல் ரசீது கேட்டார்கள். ரசீது தர மறுத்த கடைக்காரர் 20 ரூபாயே வாங்கிக்கொண்டார். அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் கடையில் வாங்கக்கூடாது. உணவகத்தில் உட்காரவைத்துப் பரிமாறும்போது மட்டும் அந்தக் கட்டுப்பாடு பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் கூறியிருக்கிறது, அதையும் சேர்த்தே சொல்லுங்கள், இல்லையென்றால் பிள்ளைகள் ஓட்டலில் போய் வாதாடுவார்கள். நம் மாநிலத்தில் எடையளவு தொடர்பான புகார்களைத் தொழிலாளர் துறை பார்க்கிறது, முத்திரை ஆய்வாளர் என்று ஊரில் அழைக்கப்படுபவர் அத்துறையைச் சேர்ந்தவர். தேசிய உதவி எண் 1915. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. வழக்கறிஞர் இல்லாமலே மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம், தாம் குடியிருக்கும் ஊரிலேயே முறையிடலாம், குறை எழுந்த இரண்டு ஆண்டுக்குள் முறையிட வேண்டும், பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. இவற்றை மனப்பாடம் செய்விக்காமல், ஒவ்வொருவரையும் தன் வீட்டில் உண்மையிலேயே நடந்த ஒரு குறையைப் பற்றித் தேதி, ரசீது எண், கேட்கும் தீர்வு ஆகிய மூன்றும் அடங்கிய ஒரு பக்கக் கடிதம் எழுதவையுங்கள்.

கைப்பேசியில் பொருள் வாங்குவதற்கும் ஒரு வாரம் ஒதுக்குங்கள். "இன்னும் 2 மட்டுமே உள்ளன" என்ற பொய் அவசரம், நாம் கேட்காத பொருளைக் கூடையில் நுழைப்பது, எளிதில் விலக முடியாத சந்தா என்று 13 வகைச் சூழ்ச்சிகளை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் தடைசெய்து நெறிமுறை வெளியிட்டது. இந்தப் பாடத்தை ஆசிரியரைவிடப் பிள்ளைகள் நன்றாக நடத்துவார்கள்.

பதில் 2: சோதனைக்குழாய் (அறிவியல் பட்டதாரி ஆசிரியர்)

மேலே உள்ள பதிலோடு ஒத்துப்போகிறேன். அதில் ஓர் இடைப்படியைச் சேர்க்க விரும்புகிறேன். அளப்பதற்கும் செய்வதற்கும் நடுவே, ஒரே வகைப் பொருள்களை ஒப்பிட்டுச் சோதிக்கும் பயிற்சி வேண்டும். ஏனென்றால் "நல்ல பொருள்" என்று எதைச் சொல்கிறோம் என்பதைப் பிள்ளைகளே வரையறுக்க வேண்டிய இடம் அதுதான்.

நான் பந்துமுனைப் பேனாவை எடுத்துக்கொண்டேன். நான்கு வகைப் பேனாக்களை வாங்கி, பெயர் தெரியாதபடி காகிதம் சுற்றி, க, ங, ச, ஞ என்று குறியிட்டோம். எது நல்ல பேனா என்று கேட்டவுடன் ஆளுக்கொரு பதில் வந்தது: நீண்ட நாள் எழுத வேண்டும், கை வலிக்கக்கூடாது, மை கசிந்து சட்டைப் பையைக் கெடுக்கக்கூடாது, தாளின் பின்பக்கம் தெரியக்கூடாது. ஒவ்வொன்றையும் எப்படி அளப்பது என்று யோசிக்கவே இரண்டு வாரம் ஆனது. வெவ்வேறு ஆள் எழுதினால் அழுத்தம் மாறுகிறது என்று ஒரு மாணவி கண்டுபிடித்துச் சொன்ன பிறகு, ஒரே ஆள் நான்கு பேனாவாலும் எழுத வேண்டும் என்று விதியை மாற்றினோம். மிக விலை கூடிய பேனா வகுப்பின் ஓட்டில் மூன்றாவதாக வந்தது. பெயர் மறைக்காமல் முன்பே நடத்திய ஓட்டில் அதுவே முதலிடத்தில் இருந்தது. விளம்பரத்தைப் பற்றி நான் தனியாக எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இரண்டு எச்சரிக்கைகள். உணவுக் கலப்படச் சோதனை என்று வாட்ஸ்அப்பில் சுற்றுபவை அனைத்தையும் வகுப்பில் செய்யாதீர்கள். மிளகை நீரில் போட்டால் பப்பாளி விதை மிதக்கும், இயல்பில் மாவுச்சத்து இல்லாத பொருளில் மாவு கலந்திருந்தால் அயோடின் நீலமாக்கும் என்பவை நம்பிச் செய்யத்தக்கவை, உணவுப் பாதுகாப்பு ஆணையமே இத்தகைய விரைவுச் சோதனைகளைத் தொகுத்து வெளியிட்டிருக்கிறது. ஆனால் தேனை நீரில் ஊற்றி அது அடியில் தங்கினால் சுத்தமானது என்று முடிவு கட்டுவது தவறு, கெட்டியான சர்க்கரைப் பாகும் அப்படியே அடியில் தங்கும். ஒரு சோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதும் பாடத்தில் சேர்ந்ததே.

இரண்டாவது, சோப்பு. பொருள் உருவாக்கம் என்றவுடன் பல பள்ளிகளில் சோப்பு செய்வதைக் காண்கிறேன். காஸ்டிக் சோடாவை நீரில் கரைக்கும்போது கிளம்பும் வெப்பமும் ஆவியும் 42 பேர் இருக்கும் அறைக்கு ஏற்றவை அல்ல. அழகுசாதன விதிகளின்படி உரிமம் பெறாமல் அதை விற்கவும் முடியாது. ஆனால் சோப்பின் உறையைப் படிப்பது அருமையான பாடம். இந்தியத் தரக் குறியீட்டின்படி முதல் தரக் குளியல் சோப்பில் மொத்தக் கொழுப்புப் பொருள் குறைந்தது 76 சதவீதம் இருக்க வேண்டும், மூன்றாம் தரத்தில் 60. "குளியல் பார்" என்று எழுதியிருந்தால் அது வேறு வகை, அதற்கு 40 சதவீதமே போதும். இரண்டும் கடையில் ஒரே தட்டில் ஒரே மணத்தோடு அடுக்கியிருக்கும். வீட்டில் இருக்கும் சோப்பின் உறையைப் பிள்ளைகள் கொண்டுவந்து ஒப்பிட்டுப் பார்க்கட்டும். இந்தியத் தர அமைவனம் (பி.ஐ.எஸ்.) பள்ளிகளில் தர மன்றங்களை ஏற்படுத்தி வருகிறது, உங்கள் மன்றத்தை அதோடு இணைத்துக்கொள்ள முடியுமா என்றும் விசாரியுங்கள்.

பதில் 3: வெல்லப்பாகு (கடலை மிட்டாய்த் தொழிற்கூடம் நடத்துபவர், கோவில்பட்டி வட்டாரம்)

ஆசிரியை அம்மாவுக்கு வணக்கம். நான் படித்தது பத்தாம் வகுப்பு வரைதான், ஆனால் லேபிள் ஒட்டிப் பொருள் விற்றுப் பிழைக்கிறவள் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உங்கள் மாணவி எழுதிய "100 சதவீதம் இயற்கை" என்பதை நானும் தொழில் தொடங்கிய புதிதில் எழுத நினைத்தேன். அச்சகக்காரர் எல்லாருக்கும் போடுகிற வார்த்தை அது. இயற்கை, தூய, பாரம்பரிய என்ற சொற்களை எப்போது போடலாம், எப்போது கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-லேயே விதி செய்திருக்கிறது என்று எங்கள் உணவுப் பாதுகாப்பு அலுவலர் பொறுமையாக விளக்கினார். நிறம் சேர்த்த பர்பிக்கு அது எந்த வகையிலும் பொருந்தாது. அதேபோல், எங்கள் கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உங்கள் பிள்ளைகள் வேறு ஊரில் செய்துவிட்டு அந்தப் பெயரைப் போட்டால், ருசியாகவே இருந்தாலும், அது எங்கள் பெயரை எடுத்துக்கொள்வதாகும்.

ஓர் உள்ளங்கை அளவு லேபிளில் நான் என்னென்ன எழுத வேண்டும் தெரியுமா? பொருளின் பெயர், எடையில் எது அதிகமோ அது முதலில் வருமாறு சேர்மானங்கள், 100 கிராமுக்கான சத்து விவரம், சைவப் பச்சைக் குறி, நிலக்கடலை ஒவ்வாமை எச்சரிக்கை, நிகர எடை, எல்லா வரியும் சேர்த்த விலை, கிராமுக்கு எவ்வளவு, தயாரித்த தேதி, எந்தத் தேதிக்குள் உண்ண வேண்டும், பேட்ச் எண், என் முகவரி, குறை சொல்ல ஒரு தொலைபேசி எண், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்கப் பதிவு எண். பிள்ளைகளிடம் ஒரு வெற்றுத் தாளைக் கொடுத்து இதை வரையச் சொல்லுங்கள். வாங்குகிறவராக இருந்து இந்த விவரங்களைத் தேடுவது ஒரு பாடம், விற்கிறவராக இருந்து ஒவ்வொன்றுக்கும் பதில் கண்டுபிடிப்பது அதைவிடப் பெரிய பாடம். "எந்தத் தேதிக்குள்" என்பதைச் சும்மா எழுதிவிட முடியாது. நான் ஒவ்வொரு பேட்சிலும் பத்து பொட்டலம் எடுத்துவைத்து, வாரம் ஒன்றாகப் பிரித்துப் பார்ப்பேன். கடலையில் சிக்கு வாடை வருகிறதா, மழைக்காலத்தில் வெல்லம் கசிந்து பிசுபிசுக்கிறதா என்று பார்த்துத்தான் அந்த நாளை முடிவு செய்தேன். நிறம் மாறின, சுருங்கின பருப்பை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போடுவதற்கே இரண்டு பேர் இருக்கிறார்கள், ஏனென்றால் பூஞ்சை பிடித்த கடலையில் உண்டாகும் நஞ்சு வறுத்தாலும் முழுக்கப் போகாது.

அந்தத் தம்பியின் முறுக்குக் கணக்கைப் படித்தபோது என் முதல் ஆண்டு நினைவுக்கு வந்தது. 10 கிலோ பருப்பை வறுத்துத் தோல் நீக்கினால் ஏறக்குறைய 9 கிலோதான் மிஞ்சும். உடைந்த மிட்டாய், ஓரம் வெட்டியது, மாதிரிக்குக் கொடுத்தது எல்லாம் போனபின் விற்கிற எடை இன்னும் குறையும். நான் 10 கிலோவுக்கு விலை வைத்து, நன்றாக விற்றும் ஏன் கையில் காசு இல்லை என்று ஆறு மாதம் குழம்பினேன். என் கூலியை நான் எழுதவே இல்லை என்பது அதற்கும் பிறகுதான் தெரிந்தது. பிள்ளைகளுக்கு இதை முதலிலேயே சொல்லிக்கொடுங்கள். அம்மாவின் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தொகை எழுதாமல் எந்தக் கணக்கையும் ஏற்காதீர்கள்.

உணவு வேண்டுமா என்று கேட்டீர்கள். செய்து பார்க்கலாம், தங்களுக்குள் ருசி பார்க்கலாம். ஆனால் கொதிக்கும் வெல்லப்பாகு ஒரு துளி கையில் பட்டாலும் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுட்டுவிடும், யாருக்குக் கடலை ஒவ்வாது என்பதும் உங்களுக்கு முழுதாகத் தெரியாது. விற்பதற்கு உணவு அல்லாத பொருளை எடுத்துக்கொள்வதே உங்களுக்கு நிம்மதி.

பதில் 4: ஒரு தந்தை

இந்த முயற்சியை மதிக்கிறேன், ஆனாலும் ஓர் அச்சத்தைச் சொல்ல வேண்டும். என் மகள் படிக்கும் பள்ளியில் இப்படி ஒரு விற்பனை நாளுக்கு ஒவ்வொரு குழுவும் 500 ரூபாய் முதலீடு போட வேண்டும் என்றார்கள். விற்காமல் மிஞ்சியதை உறவினர்களே வாங்கினோம். வாங்க ஆள் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் மிஞ்சிய பொருளோடு தலைகுனிந்து நின்றார்கள். அதிகம் விற்ற குழுவுக்கு மேடையில் பரிசும் கொடுத்தார்கள். பதினான்கு வயதில் அந்தப் பிள்ளைகள் கற்றுக்கொண்டது என்னவாக இருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. விற்ற தொகைக்கு மதிப்பெண் போடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

பதில் 5: இரட்டைத்தையல் (பகுதிநேரத் தையல் ஆசிரியை)

தந்தையார் சொன்னது முழுக்கச் சரி. எங்கள் பள்ளியில் நாங்கள் விற்பனையைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிட்டோம், அதற்கு மதிப்பெண்ணும் இல்லை. மதிப்பெண் முழுவதும் குறிப்பேட்டுக்குத்தான்: எதைச் சோதித்தார்கள், எது தோற்றது, அடுத்த முறை எதை மாற்றினார்கள் என்று எழுதியதற்கு. முதலீடு என்று பிள்ளைகளிடம் எதுவும் வாங்கவில்லை. ஊரில் உள்ள தையல் கடைகளில் வெட்டு மிச்சத் துணியைக் கேட்டு வாங்கிப் பயிற்சிக்கு வைத்துக்கொண்டோம், இறுதிப் பொருளுக்கு மட்டும் முன்னாள் மாணவர் ஒருவர் காடாத் துணி வாங்கித் தந்தார்.

நாங்கள் செய்தது துணிப்பை. 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் ஞெகிழிக்கு மாநிலத்தில் தடை இருக்கிறது, 2021 டிசம்பரில் "மீண்டும் மஞ்சப்பை" இயக்கமும் தொடங்கியது. இருந்தும் எங்கள் ஊர்ச் சந்தையில் பை கொண்டுவருபவர் குறைவு. ஏன் என்று கேட்டுவரப் பிள்ளைகளை அனுப்பினேன். அவர்கள் போகும்போது பையின்மேல் என்ன படம் வரையலாம் என்று பேசிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தபோது படத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை என்று சொன்னார்கள். மீன் வாங்கும் அக்கா, துவைத்தால் ஒரு வெயிலில் காய வேண்டும் என்றாராம். ஒரு தாத்தா, மடித்தால் சட்டைப் பையில் அடங்க வேண்டும், இல்லையென்றால் வீட்டிலேயே மறந்துவிடுகிறேன் என்றாராம். ரேஷன் கடை வரிசையில் நின்ற பெண்கள் மூன்று பேர், ஸ்மார்ட் கார்டும் சில்லறையும் வைக்க உள்ளே ஒரு சிறு பை கேட்டார்களாம். அந்த உள்பைதான் பிறகு எங்கள் பையின் அடையாளமாக ஆயிற்று.

முதல் பையை ஜன்னல் கம்பியில் மாட்டி, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை ஒவ்வொன்றாக உள்ளே வைத்தோம். ஒரு பாட்டில் ஒரு கிலோ என்பதால் எண்ணுவது எளிது. ஏழாவது பாட்டிலில் கைப்பிடி "பர்ர்" என்று பிரிந்தது. துணி கிழியவில்லை, கைப்பிடியை வாயோரத்தில் ஒற்றைத் தையல் போட்டு இணைத்திருந்த இடம் விட்டுப்போனது. இரண்டாவது பையில் கைப்பிடியை நான்கு விரற்கடை உள்ளே இறக்கி, சதுரமாகத் தைத்து, நடுவே பெருக்கல் குறி போல இரண்டு தையல் போட்டோம். அது 12 கிலோ தாங்கியது, பிறகு அடிமூலை பிரிந்தது. மூன்றாவதில் அடிமூலையை மடித்து இரட்டைத் தையல் போட்டோம்.

சட்டத்தைக் கொண்டுவந்து சேர்க்க இதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைக்கவில்லை. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பொருளால் நேரும் கேட்டுக்குத் தயாரிப்பாளரே பொறுப்பு என்று ஒரு பகுதி இருக்கிறது. வடிவமைப்பில் குறை, தயாரிப்பில் குறை, கொடுத்த உறுதிமொழிக்கு மாறாக இருப்பது, போதிய பயன்பாட்டுக் குறிப்பு இல்லாதது என்று அதில் வகைகள் உண்டு. முதல் பையைப் போலவே எல்லாப் பையையும் தைத்திருந்தால் அது வடிவமைப்புக் குறை. வடிவம் சரியாக இருந்தும், ஒரு மாணவன் அவசரத்தில் ஒரு பைக்கு மட்டும் பெருக்கல் தையலை விட்டுவிட்டால் அது தயாரிப்புக் குறை. லேபிளில் என்ன எழுதலாம் என்ற விவாதத்தில் ஒரு குழு "15 கிலோ தாங்கும்" என்று எழுத விரும்பியது. "நம்ம பை 12-லதான பிரிஞ்சது" என்று இன்னொரு மாணவி மறுத்தாள். கடைசியில் பத்து பைகளைச் சோதித்து, எல்லாப் பையும் தாங்கிய எடைக்கும் கீழே இறங்கி, "8 கிலோ வரை" என்று எழுதினார்கள். அந்த 8 என்ற எண்ணை யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை.

விலையையும் சொல்கிறேன். எங்கள் ஊர் விலையில் ஒரு பைக்குத் துணி 35 ரூபாய், நூல் 2, லேபிள் 1. முதலில் 38 என்று எழுதிவிட்டு 45-க்கு விற்கலாம் என்றார்கள். ஒரு பை தைக்க 25 நிமிடம் ஆகிறது. மணிக்கு 60 ரூபாய் கூலி வைத்தால் 25 ரூபாய் கூடி 63 ஆனது. பத்தில் ஒரு பை கெட்டுப்போகும் என்பதையும் சேர்த்தால் ஏறக்குறைய 70. கடையில் 20 ரூபாய்க்குப் பை கிடைக்கும்போது 70 ரூபாய்க்கு யார் வாங்குவார் என்று வகுப்பு சோர்ந்துபோனது. எத்தனை முறை பயன்படும் என்று வாங்குபவருக்குச் சொல்லலாமே என்றார்கள் சிலர், உள்பையை எடுத்துவிட்டு நேரத்தைக் குறைக்கலாம் என்றார்கள் சிலர். உள்பையை எடுக்கக்கூடாது என்று மற்றவர்கள் பிடிவாதமாக நின்றார்கள். நாங்கள் வெட்டும் முறையை மாற்றித் துணியைக் கொஞ்சம் மிச்சப்படுத்தினோம், அதற்கு மேல் வழி தெரியவில்லை. 18 பைகள் மட்டுமே விற்றன. வாங்கியவர்களிடம் ஒரு மாதம் கழித்துப் போய் எப்படி இருக்கிறது என்று கேட்டுவந்ததுதான் எங்கள் கடைசி வகுப்பு.

கரும்பலகை (கேள்வி கேட்டவர்)

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. தந்தையார் சொன்னதை எங்கள் தலைமை ஆசிரியரிடம் வாசித்துக் காட்டினேன். முதலீடும் பரிசும் இருக்காது என்று அவர் ஒப்புக்கொண்டார். முதல் பருவத்தில் அளப்பதும் புகார்க் கடிதமும், இரண்டாம் பருவத்தில் பேனாச் சோதனையும் லேபிள் வரைதலும், மூன்றாம் பருவத்தில் துணிப்பை என்று திட்டமிட்டிருக்கிறேன். தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனமும் யுனிசெஃபும் கல்வித் துறையோடு சேர்ந்து நடத்தும் பள்ளிப் புத்தாக்கத் திட்டத்துக்கு இதை அனுப்பலாம் என்று சக ஆசிரியர் ஒருவர் சொன்னார். அதைப் பிறகு பார்த்துக்கொள்வேன், போட்டிக்காகப் பையின் வடிவத்தை நான் முடிவு செய்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

நேற்று நோட்டுப் பக்கங்களை எண்ணினோம். 42 நோட்டுகளில் 5 நோட்டுகளின் எண்ணிக்கை, சிறு எழுத்துக் குறிப்பைக் கணக்கில் கொண்ட பிறகும் பொருந்தவில்லை. பர்பி செய்த மாணவி இப்போது பத்தாம் வகுப்பில் இருக்கிறாள். இடைவேளையில் வந்து எட்டிப் பார்த்தவள் தானும் ஒரு நோட்டை எடுத்து எண்ணினாள். தாள் ஒட்டிக்கொண்டிருக்கும், இரண்டு பேர் தனித்தனியாக எண்ணிய பிறகு கடிதம் எழுதுங்கள் என்று இவர்களிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

தையல் ஆசிரியை அம்மாவிடம் ஒரு கேள்வி: காடாத் துணியை வாங்கியவுடன் வெட்டலாமா?

இரட்டைத்தையல்

வேண்டாம். ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, தேய்த்த பிறகு வெட்டுங்கள். கஞ்சி போய்த் துணி சுருங்கும், எங்கள் முதல் தொகுப்பில் பையின் உயரம் கிட்டத்தட்ட இரண்டு விரற்கடை குறைந்தது. ஊறவைப்பதற்கு முன்பும் பின்பும் பிள்ளைகளை அளந்து எழுதச் சொல்லுங்கள். லேபிளில் எழுத வேண்டியது பின்னால் எடுத்த அளவு.